அடுத்த கதை எப்போ, சார்?

இந்தக் கேள்வியை என்னிடம் முதன்முதலில் கேட்டவர் எங்கள் ஆபீஸ் கேன்டீன்காரர். 1992 நவம்பர். கேட்கும்போது அவர் தோசைக் கரண்டியில் என் தோசை இருந்தது. பதில் சொன்னால்தான் அது என் தட்டுக்கு இறங்கும் போலிருந்தது. "யோசிச்சிட்டிருக்கேன்" என்றேன். தோசை இறங்கிவிட்டது. கதைதான் அதற்கப்புறம் பதினாலு மாதம் இறங்கவில்லை.

முன்கதைச் சுருக்கத்தைச் சொல்லிவிடுகிறேன். நான் அப்போது மெட்ராஸில் ஒரு அரசாங்க ஆபீஸில் குமாஸ்தா. ஜாகை திருவல்லிக்கேணி மேன்ஷன். ரூமில் கட்டில் மூன்று, ஆள் நாலு. (நாலாவது ஆள் 'கெஸ்ட்'. அவர் வந்து இரண்டு வருஷமாகியிருந்தது.) பத்திரிகைகளில் மூன்று சிறுகதைகள் வந்திருந்தன. நாலாவது கதைக்கு அந்த வருஷ தீபாவளிப் போட்டியில் பரிசு. ஆயிரம் ரூபாய். அதில் ஒரு டேபிள் ஃபேன் வாங்கினேன். காற்று கெஸ்ட்டுக்கு வந்தது. எனக்குப் பேர் வந்தது.

பேர் வந்ததுதான் வினை. அதுவரை 'ஏம்ப்பா' என்று கூப்பிட்ட சூப்பரின்டெண்ட் 'எழுத்தாளரே' என்று கூப்பிட ஆரம்பித்தார். டெஸ்பாட்ச் செக்‌ஷன் பெண்கள்கூடப் பார்த்துச் சிரித்தார்கள். ஒரு குயர் வெள்ளைத்தாள் வாங்கிவந்து, கட்டிலில் சம்மணம் போட்டு, பேனா மூடியைக் கழற்றினேன்.

ஒன்றும் வரவில்லை.

சரி, நாளைக்கு வரும் என்று படுத்துவிட்டேன். நாளைக்கும் வரவில்லை. தீபாவளி போய்ப் பொங்கல் வந்தது. பொங்கல் போய்ச் சித்திரை வந்தது. வெள்ளைத்தாள் மட்டும் மஞ்சளாகிக்கொண்டு வந்தது.

எழுத வரவில்லை என்றால் ஊரில் எல்லோரும் டாக்டராகிவிடுகிறார்கள். பேனாவை மாற்று என்றான் ஒருத்தன். பர்மா பஜாரில் ஹீரோ பேனா வாங்கினேன். ஹீரோ கிடைத்தான், கதை கிடைக்கவில்லை. மெரீனாவில் உட்கார்ந்து கடலைப் பார் என்றான் இன்னொருத்தன். பார்த்தேன். மாங்காய் பத்தை, சுண்டல் என்று தினம் மூன்று ரூபாய் செலவு. எங்கள் கேஷியர், "எங்க ஒண்ணுவிட்ட மாமா கதையைக் கேளுங்க சார், அழுதுடுவீங்க" என்றார். மூன்று மணி நேரம் கேட்டேன். நிஜமாகவே அழுதேன். கடைசி பஸ் போய்விட்டிருந்தது. "ஒரு பொண்ணைக் காதலிடா, தானா வரும்" என்றான் ரூம்மேட். தினமும் பஸ் ஸ்டாப்பில் பார்க்கிற ஒரு பெண்ணை மனசார நேசித்தேன். அவள் பஸ் நம்பரை மாற்றிக்கொண்டாள்.

சூப்பரின்டெண்ட்தான் பரம சந்தோஷப்பட்டார். "எழுத வரலையா? பேஷ்! அந்த பெண்டிங் ஃபைலுக்கு நோட் போட்டு அனுப்புங்க."

வேடிக்கை என்னவென்றால், ஃபைலில் நோட் போடும்போது கை வண்டி மாதிரி ஓடும். 'பார்வையில் காணும் கடிதத்தின்படி' என்று ஆரம்பித்தால் மூன்று பக்கம் மூச்சு விடாமல் எழுதுவேன். கதை என்று நினைத்தால் மட்டும் கை அப்படியே நின்றுவிடும். ஒரு நாள் பல்லைக் கடித்துக்கொண்டு ஒரு வரி எழுதினேன். 'மேற்படி ராமன் மேற்படி ஜன்னலைத் திறந்தான்' என்று வந்தது. கிழித்துப் போட்டேன்.

* * *

இதற்கு ஒரு பேர் உண்டு என்று பிற்பாடு தெரிந்தது. 'ரைட்டர்ஸ் பிளாக்.' 1940களில் எட்மண்ட் பெர்க்லர் என்பவர் வைத்த பேர். ஆஸ்திரியாவில் பிறந்து நியூயார்க்கில் குடியேறிய மனோதத்துவ டாக்டர். இந்த வியாதிக்கு மூலகாரணம், பச்சைக் குழந்தையாக இருக்கும்போது அம்மா பால் தராத கோபம் என்கிற மாதிரி ஒரு விளக்கமும் சொன்னார். நல்லவேளை, எங்கள் அம்மாவுக்கு இது தெரியாது.

இன்னொரு அமெரிக்கர், டென்னிஸ் அப்பர் என்று உளவியல்காரர். தன் எழுத்துத் தடையைத் தானே வைத்தியம் பண்ணிக்கொண்டு தோற்றுப்போனதைப் பற்றி 1974-ல் ஒரு ஆராய்ச்சிப் பத்திரிகையில் கட்டுரை எழுதினார். தலைப்பு இருக்கிறது, பேர் இருக்கிறது, கீழே ஒரு வார்த்தை இல்லை. முழுக்க வெள்ளை! கட்டுரையைப் பரிசீலித்தவர், எலுமிச்சைச் சாறு தடவி, எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தும் ஒரு குறைகூடத் தென்படவில்லை என்று சிபாரிசு பண்ணி, அதையும் சேர்த்து அச்சடித்தார்கள். எனக்கு இது முன்னாலேயே தெரிந்திருந்தால் நானும் ஒரு குயர் ஆராய்ச்சிக் கட்டுரை அனுப்பியிருப்பேன்.

நம்ம ஊரிலும் ஆறுதலுக்கு ஆள் இருந்தார். சுந்தர ராமசாமி, நாகர்கோவிலில் ஜவுளிக்கடையைப் பார்த்துக்கொண்டே எழுதியவர். 1966-ல் 'ஒரு புளியமரத்தின் கதை' நாவல் வந்தது. சீக்கிரமே எழுத்து நின்றுபோய், மறுபடி ஆரம்பித்தது 1973-ல். அப்புறம் 1981-ல் 'ஜே.ஜே: சில குறிப்புகள்' என்று ஒரு போடு போட்டார். அவ்வளவு பெரியவரே வருஷக்கணக்கில் சும்மா இருந்திருக்கிறார், நமக்கென்ன என்று காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டேன். அவர் சும்மா இருந்ததில் மட்டும் அவருக்குச் சமமாகிவிட்டது ஒரு திருப்தி.

* * *

1993 கடைசியில், எழும்பூர் கன்னிமாரா லைப்ரரியில் ஆந்தணி டிராலப் என்ற இங்கிலீஷ் நாவலாசிரியரின் சுயசரிதை கையில் மாட்டியது. புரட்டினதும் நிமிர்ந்து உட்கார்ந்தேன். ஆசாமி நம் ஜாதி. குமாஸ்தா!

1834-ல் லண்டன் தபாலாபீஸில் குமாஸ்தாவாகச் சேர்ந்து, முப்பத்துமூன்று வருஷம் அங்கேயே குப்பை கொட்டியவர். பிரிட்டனைச் சேர்ந்த சானல் தீவுகளில் 1852-ல் தெருவோரத் தபால்பெட்டி வைக்க வழிபண்ணினவர் இவர்தான். இந்த உத்தியோகத்துக்கு நடுவில் ஆயுளில் எழுதியது நாற்பத்தேழு நாவல்! எப்படி? காலை ஐந்தரை மணிக்கு மேஜையில் உட்கார்ந்துவிட வேண்டும். எழுப்பி விட்டுக் காப்பி தருவதற்காக வேலைக்காரக் கிழவருக்கு வருஷத்துக்கு ஐந்து பவுண்டு தனிச் சம்பளம். முதல் அரை மணி பழசைப் படிப்பது. அப்புறம் கடிகாரத்தை எதிரே வைத்துக்கொண்டு, கால் மணிக்கு இருநூற்றைம்பது வார்த்தை. எட்டரைக்கு எழுந்தால் ஆபீஸ். ரயிலில் போகும்போதுகூட மடியில் பலகை வைத்து எழுதியிருக்கிறார். தாம்பரம்–பீச் வண்டியில் தொங்கிக்கொண்டு போகிறவர்களுக்கு இந்த வசதி இல்லை என்பது வேறு விஷயம்.

அன்றைக்கே அலாரம் வைத்தேன், ஐந்து மணிக்கு. அலாரம் அடித்ததும் மேன்ஷனில் பதினோரு பேர் எழுந்து பக்கெட்டோடு குழாயடிக்கு ஓடினார்கள். நான் ஓடாவிட்டால் அன்றைக்குக் குளியல் இல்லை. ஓடினேன். திரும்பிவந்து உட்கார்ந்தபோது மணி ஆறே கால். காப்பி தரக் கிழவர் இல்லை. கெஸ்ட்தான் இருந்தார், எனக்கு வாங்கிவைத்த டீயைக் குடித்துக்கொண்டு.

விடவில்லை. வாட்சை எதிரே வைத்துக்கொண்டு பத்து நாள் எழுதினேன். கால் மணிக்கு இருநூற்றைம்பது வார்த்தை வரவும் செய்தது. பதினோராம் நாள் எல்லாவற்றையும் எடுத்துப் படித்தேன். ஜன்னலை மட்டும் பதினெட்டு தடவை திறந்திருந்தான் கதாநாயகன். ஒரு தடவைகூட வெளியே எட்டிப் பார்க்கவில்லை.

* * *

இந்த இடத்தில் ஒன்றை ஒப்புக்கொண்டாக வேண்டும். இத்தனை நேரம் உங்களிடமும் மறைத்துவிட்டேன். எழுத்து ஏன் நின்றது என்று எனக்கு ஆரம்பத்திலிருந்தே தெரியும். அது ஒரு போஸ்ட் கார்டாக என் டயரிக்குள் இருந்தது.

எங்கள் ஊர் அருப்புக்கோட்டை. அப்பா வாடகை சைக்கிள் கடை வைத்திருந்தார். பரிசு வாங்கின கதை அந்தக் கடையைப் பற்றித்தான். எல்லாம் நிஜம்: சைக்கிள் நம்பர், பேரும் நேரமும் எழுதுகிற நோட்டு, பஞ்சர் பார்க்கிற தண்ணீர்ச் சட்டி, காதில் சொருகிய காப்பியிங் பென்சில். வாடகையில் அஞ்சு காசு விடாத அப்பாவும் நிஜம். கடைசி சீன் மட்டும் நிஜம் இல்லை. அதில் ஒரு ஏழைப் பையனுக்காகப் பரிந்து பேசுகிற மகனை, அப்பா பழைய சைக்கிள் டியூபால் விளாசித் தள்ளுகிறார். அந்த அடி படிக்கிறவர் முதுகிலும் விழுகிறது என்று நடுவர்கள் பாராட்டியிருந்தார்கள்.

மார்கழியில் அப்பாவிடமிருந்து கார்டு வந்தது.

'அன்புள்ள மகனுக்கு, அப்பா எழுதுவது. இங்கு அனைவரும் நலம். உன் கதையைச் சலூனில் வாசித்தேன். கடையைப் பற்றி எழுதியிருப்பது நன்றாக இருக்கிறது. டியூபால் உன்னை அடித்ததாக எனக்கு ஞாபகம் இல்லை. மறந்திருப்பேனோ என்று அம்மாவிடம் கேட்டேன். அவளும் இல்லை என்றாள். பனி விழுகிறது. தலைக்குத் துண்டு கட்டிக்கொள்.'

அவ்வளவுதான். கோபமாக நாலு வார்த்தை எழுதியிருந்தால் நானும் பதிலுக்கு, 'இது கற்பனை அப்பா, உங்களுக்கு இலக்கியம் புரியாது' என்று எழுதியிருப்பேன். மனுஷன் சந்தேகத்தைத் தன் மேல் போட்டுக்கொண்டு அம்மாவிடம் போய் விசாரித்திருக்கிறார். அதற்கு என்ன பதில் எழுதுவது? எழுதவில்லை. மாசா மாசம் பணம் அனுப்பினேன். மணியார்டர் பாரத்தில் 'நலம்' என்று ஒரு வார்த்தை. தங்கை தனியாக எழுதினாள்: 'சலூனில் எல்லோரும், என்னண்ணே, பிள்ளையை இப்படியா அடிக்கிறது என்று கேட்கிறார்களாம். அப்பா இப்போது அந்தக் கடைக்கு ஷேவிங்குக்குப் போவதில்லை.'

இதை மனசில் வைத்துக்கொண்டு மெரீனாவில் எத்தனை சுண்டல் தின்றால் என்ன, ஹீரோ பேனா வாங்கினால் என்ன?

* * *

1994 ஜனவரி, பொங்கலுக்கு நாலு நாள் இருந்தது. ஊருக்குப் பணம் அனுப்பத் தபாலாபீஸில் நின்றிருந்தேன். பேனா கட்டுகிற கயிறு இருந்தது, பேனா இல்லை. என் சட்டைப் பையில் இருந்த ஹீரோவைப் பார்த்து ஒரு கிழவி பக்கத்தில் வந்தாள். நாலு வீட்டில் பாத்திரம் தேய்க்கிறவள்.

"தம்பி, இந்த மணியார்டர் பாரத்தக் கொஞ்சம் எழுதிக் குடு சாமி."

திண்டிவனம் பக்கத்தில் ஒரு கிராமம். புருஷனுக்கு நூறு ரூபாய். விலாசம் எழுதி முடித்து, கீழே தகவல் எழுதுகிற இடத்துக்கு வந்தேன்.

"என்ன எழுதணும் பாட்டி?"

"நூறு ரூவா அனுப்பியிருக்கேன். அது கால் கட்டுக்கு. குடிக்க இல்ல. பொங்கலுக்கு வரமாட்டேன். வெள்ளாட்ட விக்க வேணாம். அவ்ளோதான்."

எழுதினேன். இன்னும் கொஞ்சம் இடம் காலியாக இருந்தது. பரிசு பெற்ற எழுத்தாளன் இல்லையா? கை சும்மா இருக்குமா? 'உங்களைப் பார்க்க மனசு துடிக்கிறது' என்று ஒரு வரி சேர்த்துவிட்டேன்.

"படிச்சுக் காட்டு."

படித்தேன். கடைசி வரி வந்ததும் கிழவி நிமிர்ந்தாள்.

"யாருக்குத் துடிக்குது?"

"இல்ல பாட்டி... சும்மா ஒரு இதுக்காக..."

"அந்த ஆளு அடிச்ச அடி தாங்காம பட்டணம் வந்தவ நான். காலு ஒடஞ்சு கெடக்கானேன்னு பணம் அனுப்பறேன். அதுக்குன்னு துடிக்குதுன்னு எழுதுவியா? நான் சொல்லாதத எம்பேர்ல எழுதாத தம்பி. நாளைக்கு அந்த ஆளு அதையே நெஜம்னு நெனச்சுக்கும்."

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். எனக்குக் காது சூடாகிவிட்டது. வேறு பாரம் வாங்கிவந்து மறுபடி எழுதினேன். அவள் சொன்ன ஐந்து வாக்கியம். ஒரு எழுத்துக் கூட்டவில்லை, குறைக்கவில்லை. படித்துக் காட்டினேன். "ஆங், இது நான் பேசினது" என்று சொல்லி, கை நாட்டு வைக்க இங்க் பேடைத் தேடிப் போனாள்.

பதினாலு மாதத்தில் நான் உருப்படியாக எழுதிய முதல் ஐந்து வாக்கியம் அதுதான்.

அங்கேயே ஒரு இன்லண்ட் லெட்டர் வாங்கினேன். 'அன்புள்ள அப்பாவுக்கு' என்று ஆரம்பித்தேன். 'நீங்கள் என்னை டியூபால் அடிக்கவில்லை. அன்றைக்கு நடந்ததை எழுதுகிறேன், சரியா என்று பாருங்கள்.'

நடந்தது இது. எனக்குப் பன்னிரண்டு வயசு. ஒரு பையன் சாயங்காலம் ஏழு மணிக்கு வாடகைக்கு எடுத்துப்போன சைக்கிள் ராத்திரி திரும்பவில்லை. விடிந்ததும் அப்பா என்னைக் கேரியரில் வைத்துக்கொண்டு அவன் கிராமத்துக்கு மிதித்தார். போய்ப் பார்த்தால், பையனின் அம்மாவுக்குக் கடுங்காய்ச்சல். ராத்திரி அவளைச் சைக்கிளில் உட்காரவைத்துத் தள்ளிக்கொண்டே ஆஸ்பத்திரிக்குப் போய்த் திரும்பியிருக்கிறான். அப்பா நோட்டைப் பிரித்தார். "ஏழு மணிக்கு எடுத்தது. இப்ப எட்டு. பதிமூணு மணி நேரம். மூணேகால் ரூவா." பையன் பக்கத்து வீட்டில் கடன் வாங்கிவந்து கொடுத்தான். அப்பா எண்ணி வாங்கிக்கொண்டார். எனக்கு அப்பாவைப் பிடிக்காமல் போன நிமிஷம் அது.

கதையில் இதுவரைதான் எழுதினேன். அதற்கப்புறம் நடந்தது கதைக்கு இடைஞ்சலாக இருந்தது. அதை வெட்டிவிட்டு அந்த இடத்தில் டியூபை வைத்துவிட்டேன். அப்புறம் நடந்தது என்ன? அப்பா திரும்பி ரெண்டு எட்டு வைத்துவிட்டு, பையனிடம் சொன்னார்: "தினம் ஆஸ்பத்திரிக்குப் போகணுமில்ல? வண்டி இங்கயே கிடக்கட்டும். அம்மா எந்திரிச்ச பெறகு கொண்டாந்து விடு." எட்டு நாள் கழித்துப் பையன் கொண்டுவந்து விட்டான். நான் நோட்டைத் திறந்து பார்த்தேன். அந்தச் சைக்கிள் நம்பருக்கு எதிரே அந்த எட்டு நாளும் வெறும் வெள்ளையாக இருந்தது.

இன்லண்டின் மூன்று மடிப்பும் நிறைந்து, பசை தடவுகிற ஓரத்திலும் எழுதினேன். வாசலில் இருந்த சிவப்புப் பெட்டியில் போடும்போது டிராலப்பை நினைத்துக்கொண்டேன். நாற்பத்தேழு நாவல் எழுதியதைவிட, இந்தப் பெட்டிக்கு வழிபண்ணியது பெரிய காரியமாகத் தோன்றியது.

பத்தாம் நாள் பதில் வந்தது.

'உன் கடிதம் கண்டேன். அம்மாவுக்கும் வாசித்துக் காட்டினேன். அது எட்டு நாள் இல்லை, ஒன்பது நாள். இதையே கதையாக எழுதியிருக்கலாமே. எழுதினால் அந்தப் பையன் பேரைப் போடாதே. அவன் இப்போது பள்ளிக்கூட வாத்தியார். பனி இன்னும் குறையவில்லை. தலைக்குத் துண்டு கட்டிக்கொள்.'

அன்று ராத்திரியும் மறுநாள் ராத்திரியும் எழுதினேன். ஜன்னலை யாரும் திறக்கவில்லை. சித்திரை மாதம் கதை வந்தது. பரிசு கிடையாது, முதல் பக்க அறிவிப்பு கிடையாது. கேன்டீன்காரர் படித்துவிட்டு, "நல்லாத்தான் இருக்கு சார், ஆனா ஃபைட்டு இல்லையே" என்றார். அப்பா பழையபடி அதே சலூனுக்குப் போக ஆரம்பித்தார் என்று தங்கை எழுதினாள். கையில் பத்திரிகையோடு போனாராம்.

* * *

இதெல்லாம் நடந்து முப்பது வருஷத்துக்கு மேலாகிறது. இப்போது உங்களுக்கு மஞ்சளாகிற வெள்ளைத்தாள் இல்லை. லேப்டாப்பில் கர்ஸர் கண்ணடிக்கிறது, அவ்வளவுதான் வித்தியாசம். ஆபீஸ் விட்டு வந்து கதை எழுத உட்காரும் தம்பிகள் சிலர் என்னிடம் மருந்து கேட்கிறார்கள். கை ஓடாததற்குக் காரணம் சோம்பல் என்றால் டிராலப் மருந்து அருமையான மருந்து. இன்றைக்கும் நான் காலையில் வாட்சை எதிரே வைத்துக்கொண்டுதான் உட்காருகிறேன். அடுத்தது என்ன என்று தெரிந்திருக்கும்போதே எழுந்துவிடு, மறுநாள் தொடங்கச் சுலபம் என்று ஹெமிங்வே சொன்ன யோசனையும் பலிக்கிறது. இதற்கெல்லாம் மசியாமல் மாதக்கணக்கில் நின்றுவிட்டால் மட்டும் நான் பிளாட்டைத் தேடுவதில்லை. யாருக்காவது கடிதம் பாக்கி இருக்கிறதா என்று யோசிப்பேன். அனேகமாக இருக்கும்.

அப்பா 2006-ல் காலமானார். கடையை அதற்கு முன்பே மூடியாகிவிட்டது. மணிக்கணக்கில் சைக்கிள் எடுக்க யார் இருக்கிறார்கள்? காரியமெல்லாம் முடிந்து அவருடைய தகரப் பெட்டியைத் திறந்தோம். கணக்கு நோட்டுகளுக்கு அடியில் இரண்டு பத்திரிகைகளும் இருந்தன. ஒன்பது நாள் கதையும் இருந்தது, டியூப் கதையும் இருந்தது.

டியூப் கதையைப் பிரித்தேன். அடிக்கிற பக்கத்தில் ஒரு கோடுகூட இல்லை. அதற்கு முந்தின பக்கத்தில், பஞ்சர் ஒட்டுவதை நான் வர்ணித்திருந்த இடத்தில், ஓரமாகக் காப்பியிங் பென்சிலால் எழுதியிருந்தார்:

'தவறு. ஸொல்யூஷன் தடவியதும் ஒட்டக்கூடாது. கொஞ்சம் காய விட வேண்டும்.'